ஒரு நூல் தாழ்ந்த இமை

போன மாதம் லதா என் கைப்பேசிக்கு ஒரு முகத்தை அனுப்பியிருந்தாள். லதா கடலூரில் டிசைன் கடை வைத்திருப்பவள். நான் ஸ்டூடியோ வேலையை விட்ட பிறகு என் இடத்துக்கு வந்தவள். அவள் அனுப்பியது பழைய துப்பறியும் நாவலின் அட்டை மாதிரி ஒரு படம். மழை, தெருவிளக்கு, பாதி முகம் இருட்டில் இருக்க ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள். இரண்டு வரி டைப் அடித்தாளாம், கம்ப்யூட்டரே வரைந்து கொடுத்துவிட்டதாம். எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாள்.

நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நான் மூன்று நாள் முதுகு ஒடிய உட்கார்ந்து செய்ததை அது மூன்று நிமிடத்தில் செய்திருந்தது. கொஞ்சம் வயிறு எரிந்தது. "யாரு இந்தப் பொண்ணு?" என்று கேட்டேன்.

"யாருமில்லக்கா. அதுவா போட்டுக்கிச்சி."

யாருமில்லை என்று நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அட்டையில் இருக்கும் பெண் யார் என்று யாராவது கேட்டால் அதுதான் என் பதில். அந்தப் பதிலை நான் எப்போது நிறுத்தினேன் என்பதை லதாவிடம் சொன்னதில்லை. அவள் இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டாள், அட்டை வரைந்த காலத்தைப் பற்றி எழுதித் தா அக்கா என்று. எழுதுகிறேன். அவள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது.

தொழில் கற்ற கதையை நீட்ட வேண்டியதில்லை. திருப்பாப்புலியூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருபத்தொரு வயதில் சேர்ந்தேன். கூர் சீவிய பென்சிலால் நெகட்டிவில் முகப்பருவை அழிப்பதுதான் வேலை. அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், தூக்கலான பல் எல்லாம் என் பென்சில் முனையில் காணாமல் போயின. மாப்பிள்ளை வீட்டாருக்குப் போகும் படங்கள் எத்தனையோ என் கையால் அழகாயின. அதற்கெல்லாம் ஒரு நாள் என்னிடம் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. கம்ப்யூட்டர் வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன். காலேஜ் பிள்ளைகளோடு உட்கார்ந்து மௌஸ் பிடிக்கக் கற்றேன். முதல் வாரம் அந்த அம்புக்குறி திரையில் குடிகாரன் மாதிரி நடந்தது. ஆறு மாதத்தில் சொன்ன இடத்தில் நின்றது.

கம்ப்யூட்டரில் எனக்கு வந்த முதல் பெரிய வேலை கண் திறப்பது. கல்யாண ஆல்பம் என்றால் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார், பெரும்பாலும் மாப்பிள்ளையின் அப்பா. அடுத்த படத்தில் அவரே கண் திறந்திருப்பார். அந்தக் கண்ணை வெட்டி இந்த முகத்தில் வைத்து, ஓரத்தை மழுக்கி, வெளிச்சத்தைச் சரி செய்தால் தீர்ந்தது. அவரவர் கண்ணை அவரவருக்கே திருப்பிக் கொடுப்பதில் தவறு ஒன்றும் இல்லை.

சில சமயம் அடுத்த படமே இருக்காது. அதற்காகக் கம்ப்யூட்டரில் 'கண்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். பல முகங்களிலிருந்து எடுத்த கண்கள், சோடி சோடியாக. யாருடையவை என்று எழுதி வைக்கவில்லை. நேர்ப் பார்வை, இடம், வலம், மேல் வெளிச்சம், பக்க வெளிச்சம் என்று மட்டும் பிரித்திருந்தேன். ஆணி, திருகு பிரித்து வைக்கிற மாதிரிதான்.

2004 நடுவில் ஸ்டூடியோவுக்குப் புது டிஜிட்டல் கேமரா வந்தது. அதைச் சோதிக்க ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நானே ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரே ஒரு விளக்கைப் போட்டு, தானாக எடுக்கிற பட்டனை அமுக்கிவிட்டு என்னையே படம் எடுத்தேன். பன்னிரண்டு படம். ஒன்றில் கண் நன்றாக விழுந்திருந்தது. சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை, பின்னால் யாரோ கூப்பிட்டுத் திரும்பின மாதிரி. சின்ன வயதில் வந்த ஒரு கட்டியால் என் இடது இமை ஒரு நூல் தாழ்ந்திருக்கும். வீட்டில் தம்பிகள் 'அரைக்கண்ணி' என்பார்கள். படத்தில் அது குறையாகத் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே சுருக்கத்தை அழித்துவிட்டு, 'வலம், பக்க வெளிச்சம்' என்று பெயர் வைத்து அதையும் ஃபோல்டரில் போட்டேன்.

அந்த டிசம்பர் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது.

இரண்டு வாரம் கழித்துக் குப்பங்களிலிருந்து ஆட்கள் ஸ்டூடியோவுக்கு வரத் தொடங்கினார்கள். வீட்டோடு போட்டோவும் போயிருந்தது. சொந்தக்காரர் வீட்டு ஆல்பங்களில் இருந்ததைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். ஐம்பது பேர் நிற்கும் கூட்டப் படத்தில் ஒரு முகம் மிளகு அளவுக்கு இருக்கும். அதைக் காட்டி, "இதப் பெருசாக்கி மாட்டற மாரி குடுங்க" என்பார்கள். ஸ்கேன் செய்து பெருக்கினால் முகம் கலைந்த கோலப்பொடியாக இருக்கும். கன்னத்திலிருந்து தோலை எடுத்து நெற்றியை நிரப்புவேன். முடியை இழை இழையாக வரைவேன். பின்னால் நீல வானம். தோடு போட்டுவிடச் சொல்வார்கள், சட்டைப் பட்டனைப் போட்டுவிடச் சொல்வார்கள். சொன்னதை எல்லாம் செய்தேன். அந்த மூன்று மாதமும் நான் அழவில்லை. முகம் முகமாக வந்துகொண்டிருந்ததில் அதற்கு நேரம் இல்லாமல் போனது.

கஸ்தூரியின் படத்தைக் கொண்டுவந்தவர் அவள் தாய்மாமன். சோனங்குப்பத்துப் பெண், பத்தொன்பது வயது. உடல் கிடைக்கவில்லை. உள்ளூரில் யாரோ உறவினர் கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருக்கும் பெண்கள் வரிசையில் நின்றிருந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

"கண்ணு தெறந்த மாரி போட்டுக் குடும்மா," என்றார். "வேற போட்டோ இல்ல. மூடுன கண்ணப் பாத்தா எங்கக்கா தாங்காது."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. இறந்தவர் படம் கண் திறந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூடிய கண் படத்தை யாரும் வீட்டில் மாட்டமாட்டார்கள். முகம் வலப்பக்கம் திரும்பியிருந்தது, பக்கத்திலிருந்து வெளிச்சம். ஃபோல்டரைத் திறந்தேன். பொருந்தியது என் கண்தான். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. என் கண்ணை இன்னொருத்திக்கு வைக்கிறோமே என்று ஒரு நொடி உறுத்தியது. வெளியே வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

படத்தை வாங்க அவள் அம்மா பூங்காவனம் வந்திருந்தார். கண்ணாடிச் சட்டத்தை வாங்கி மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். விரலால் கண்ணாடியைத் தடவினார்.

"கண்ணு மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"போட்டோவப் பெருசாக்குனா அப்படித்தாம்மா தெரியும்," என்றேன்.

"அப்படியா?" என்று மறுபடி பார்த்தார். "இல்ல, இவதான். இவதான்." தலையை ஆட்டிக்கொண்டே எடுத்துப் போனார்.

என் வேலை நாட்களில் நான் சொன்ன பொய்கள் நிறைய. இந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

இனி சிதம்பரத்துக்கு வருகிறேன். கீழ வீதிப் பக்கம் ஒரு சந்தில் இஸ்மாயில் பாய் பதிப்பகம் வைத்திருந்தார். மாதம் ஒரு பாக்கெட் நாவல். எங்கள் ஸ்டூடியோ டிசைன் வேலையும் எடுக்க ஆரம்பித்த பிறகு அட்டைகளை எனக்குக் கொடுத்தார். வேலை முடிந்ததும் சிடியில் பதிந்து, பிரிண்ட் ஒன்றும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வருவேன்.

பாய் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒல்லியான ஆள், கை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பிரிண்டை வாங்கி மேசையில் வைப்பார். அதன்மேல் டிரேசிங் காகிதத்தை விரித்து நான்கு மூலையிலும் நான்கு வெயிட் வைப்பார். பச்சைப் பென்சிலால் அந்தக் காகிதத்தில் சின்னச் சின்ன வட்டம் போடுவார். என்ன தப்பு என்று எழுதமாட்டார். வட்டத்தைப் பார்த்து நானே கண்டுபிடிக்க வேண்டும். வட்டமே இல்லாவிட்டால் பிரிண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார், நானும் பின்னால் போவேன். அங்கே புத்தகக் கடையின் கயிற்றில் மற்ற அட்டைகளுக்கு நடுவே அதைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். திரும்பி, எண்ணிக்கொண்டே பதினைந்து தப்படி நடந்து, அங்கிருந்து பார்ப்பார். எங்கள் அட்டை அவரைக் கூப்பிட்டால் "போவட்டும்" என்பார். கூப்பிடாவிட்டால் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பார். டீ என்றால் மறுபடி வரைய வேண்டும்.

2008 கடைசியில் பாய்க்கு ஒரு யோசனை வந்தது. மறைந்துபோன ஒரு எழுத்தாளரின் துப்பறியும் கதைகளை மறுபடி போட வேண்டும். பழைய அட்டை ஓவியங்களைக் கரையான் தின்றுவிட்டது.

"புதுசா வரையணும் ஜெயந்திம்மா. ஆனா அந்தக் காலத்துல படிச்ச ஆளு பாத்தா, அட, இந்த அட்டை எங்கிட்ட இருந்துச்சேன்னு நெனைக்கணும்."

"இல்லாதத இருந்துச்சின்னு நெனைக்கணுமா பாய்?"

"அதான் வேல," என்றார்.

அவருடைய மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு வரையும் பலகையும் பேனாவும் எனக்கு வந்து சேர்ந்தன. பலகையில் எழுதினால் திரையில் கோடு விழும். ஒரு மாதம் பழைய நாவல்களைக் குவித்துவைத்துப் பார்த்தேன். அந்த ஓவியர்கள் நிறையச் சாயம் வைத்துக்கொள்ளவில்லை. பழுப்பு, சிவப்பு, மஞ்சள், கரும்பச்சை, கறுப்பு. நானும் ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன். முதலில் முகம் முழுவதையும் பழுப்பில் போட்டு, அதன்மேல் வெளிச்சத்தை அகலத் தூரிகையால் வைக்க வேண்டும். மழுக்கக் கூடாது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மழுக்கியே பழகிய கை, ஒவ்வொரு கோட்டையும் தடவிவிடத் துடிக்கும். இடது கையால் வலது கையைத் தட்டிக்கொள்வேன்.

முடியை இழை இழையாக வரைந்தால் கெட்டது. ஒரே கறுப்புத் திட்டு, அதன்மேல் மூன்று கோடு நீலம், போதும். மேலே தலைப்புக்கு இடம் விட வேண்டும். கடைசியாக ஒரு வேலை செய்வேன். பழைய புத்தகத்தின் பின்னட்டையை ஸ்கேன் செய்து அந்தக் காகிதச் சொரசொரப்பைப் படத்தின்மேல் லேசாகப் பரப்புவேன். பிறகு சிவப்பை மட்டும் தனியே பிரித்து ஒரு மயிரிழை வலப்பக்கம் நகர்த்துவேன். அந்தக் காலத்து அச்சில் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாது. உதட்டுச் சாயம் உதட்டைவிட்டுக் கொஞ்சம் வெளியே நிற்கும். அந்தப் பிசகை நான் வேண்டுமென்றே செய்தேன். பாய் முதல் தடவை பார்த்தபோது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். வட்டம் போடவில்லை. அன்று ராஜா மாதிரி ஊர் திரும்பினேன்.

மூன்றாவது அட்டைதான் படுத்தியது. மழையில் ஒரு பெண் திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டு தடவை வரைந்தேன், இரண்டு தடவையும் கண்ணைச் சுற்றிப் பச்சை வட்டம். பஸ் ஸ்டாண்டுவரை போகாமலே இரண்டு தடவையும் டீ வேறு.

"பயம் போதலையா பாய்?"

"ஜாஸ்தியா இருக்கு. கத்துற பொம்பள வேணாம்மா. கத்தப் போற பொம்பள வேணும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். மறுநாள் 'கண்' ஃபோல்டரைத் திறந்தேன். பின்னால் யாரோ கூப்பிட்டுத் திரும்பின மாதிரி ஒரு சோடி. வலம், பக்க வெளிச்சம். அதைக் கீழே வைத்து மேலே தூரிகையால் வரைந்தேன். தாழ்ந்த இடது இமை அப்படியே வந்தது. அந்த அட்டைக்கு அதுதான் உயிர் என்று விட்டுவிட்டேன். கஸ்தூரி எனக்கு நினைவுக்கே வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் பாய் பதினைந்தாவது தப்படியில் திரும்பினார், "போவட்டும்" என்று உடனே சொன்னார்.

புத்தகம் கடைக்கு வந்து பத்து நாள் இருக்கும். காலையில் ஸ்டூடியோவுக்குப் பாயிடமிருந்து போன்.

"ஒரு அம்மா வந்துருக்காங்க. கிள்ளையிலேர்ந்து கருவாடு விக்க வர்றவங்க. பஸ் ஸ்டாண்டுல நம்ம அட்டையப் பாத்துட்டு, இது எம்பொண்ணுன்னு சொல்றாங்க. சுனாமியில காணாமப் போன பொண்ணாம். நீ அந்த ஃபைல எடுத்துக்கிட்டுக் கெளம்பி வா."

பெயரைக் கேட்கவில்லை. தேவைப்படவில்லை. என் கண்ணை நான் வைத்தது ஒரே ஒரு பெண்ணுக்குத்தான். சிடிகளைக் குப்பம் குப்பமாக எழுதி அடுக்கியிருந்தேன். சோனங்குப்பம் சிடியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சாயல் ஒத்துப்போய்விட்டது, உலகத்தில் ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பார்கள், அட்டையில் இருப்பது யாருமில்லை என்று சொல்லிவிடலாம் என்று ஆலப்பாக்கம் வரை நினைத்தேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போதும் அதுதான் நினைப்பு.

பாய் வாசலிலேயே நின்றிருந்தார். பஸ்ஸில் நினைத்ததை அவரிடம் சொன்னேன். அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லலாம். ஆனா அந்தம்மா மெட்ராஸ் பஸ் எங்க நிக்கும்னு கேக்குது. பொண்ணு அங்க எங்கயோ இருக்கா, யாரோ பாத்து வரைஞ்சிருக்காங்கன்னு நம்பிடுச்சி. யாருமில்லன்னு சொன்னா நிக்குமா? தேடிக்கிட்டே இருக்கும்." பிறகு, "நான் சொல்லட்டுமா?" என்றார்.

"வேணாம் பாய். நான் வச்ச கண்ணு," என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது. கேட்கவில்லை.

பூங்காவனம் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கருவாட்டுக் கூடை வாசலுக்கு வெளியே இருந்தது. நான்கு வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தார். வீடு போனதும் கிள்ளையில் சின்ன மகள் வீட்டோடு வந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மடியில் புத்தகம். என்னைக் கண்டதும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் வரைஞ்சதா? எங்கம்மா பாத்த? மெட்ராஸ்லயா?"

அவர் மடியிலிருந்து விழுந்த புத்தகத்தை எடுத்துப் பெஞ்சில் வைத்தேன்.

"சொல்லும்மா. அவள வான்னு கூப்புட மாட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தாலும் போயிட்டுப் போறா. எங்கயோ நல்லா இருக்கான்னு தெரிஞ்சா போதும். தூரமா நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

"இது கஸ்தூரி இல்லம்மா."

பெயரைச் சொன்னதும் கண் விரிந்தது. "பேரு தெரிஞ்சிருக்கே! பின்ன எப்படி இல்லன்ற? இந்தக் கண்ணு அவ கண்ணு. தெனமும் வெளக்கு வச்சிப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா? இந்த எமை இப்படி எறங்கியிருக்கறது இன்னும் யாருக்கு இருக்கும்?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். "எனக்கு இருக்கும்மா."

அவருக்கு விளங்கவில்லை. என் மோவாயைப் பிடித்து முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். உப்பும் கருவாடும் வீசிய கை. கட்டை விரலை என் இடது இமைமேல் வைத்தார். புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். 

"ஒன் கண்ணா?"

"ஆமாம்மா."

"அப்ப ஊட்டுல இருக்கறது?"

"அதுவும் என் கண்ணுதாம்மா. போட்டோவுல கஸ்தூரி கண்ண மூடியிருந்தா. நான்தான் எடுத்து வச்சேன். நீங்க அன்னைக்கே கண்ணு கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டீங்க. நான்தான் மழுப்பிட்டேன்."

கையை எடுத்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாய் ஓசைப்படாமல் வெளியே போனார். தெருவில் சோன்பப்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனது காதில் விழுந்தது. அந்தச் சில நிமிடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. நான்கு வருடமாக இந்த அம்மா மகளை நினைக்கும்போதெல்லாம் என் கண்ணைத்தான் நினைத்திருக்கிறார். அவர் மனதில் இருந்த கண்ணை நான் அழித்திருக்கிறேன். அம்மைத் தழும்பை அழித்த அதே கைதான்.

புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "எம்பொண்ணு கண்ணு எனக்கு இப்ப நெனப்புக்கே வரலியேம்மா," என்றார். அழாமல் சொன்னார். "அது எங்க?"

பாயின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சோனங்குப்பம் சிடியைப் போட்டேன். நல்லவேளையாக, மூலப் படத்தின்மேல் நான் வைத்தவற்றை ஒட்டிவிடாமல் தனித்தனி அடுக்குகளாகவே சேமித்திருந்தேன். திரையில் கஸ்தூரி வந்தாள், என் கண்ணோடு. பூங்காவனம் என் பக்கத்தில் நின்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். நீல வானத்தை எடுத்தேன், பின்னால் பந்திக் கூட்டம் தெரிந்தது. நான் போட்ட தோட்டை எடுத்தேன். 'கண்' என்ற அடுக்கின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய்விட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். அமுக்கினேன்.

மூடிய கண்கள். இறுக்கி, மூக்கைச் சுருக்கி, புருவம் இரண்டும் முட்டிக்கொள்ள மூடியிருந்தாள்.

பூங்காவனத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கழுத! கழுத! பளிச்சுன்னு அடிச்சா மூடிக்கும். இஸ்கூல்ல எடுத்தப்பயும் இப்படித்தான் நின்னா, டீச்சர் திட்டுச்சி. மின்னல் மின்னுனா எங்க மாமியா முதுகுக்குப் பின்னால பூந்துக்குவா..." பேசிக்கொண்டே வந்தவர் அங்கே உடைந்தார். திரையில் மகளின் மூடிய இமைகள்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். மூன்று மாதத்து அழுகையையும் சேர்த்து அன்றுதான் அழுதேன்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதப் போட்டுக் குடு," என்றார்.

"மூடுன கண்ணு படத்த மாட்டக் கூடாதுன்னு சொல்லுவாங்களேம்மா."

"செத்தப்ப மூடுன கண்ணா இது? கல்யாண ஊட்டுல வெளிச்சம் கூசி மூடுன கண்ணு. உசுரோட மூடுன கண்ணு. மாட்டுனா இன்னா ஆவும்?"

மெட்ராஸ் பஸ்ஸைப் பற்றி அவர் அப்புறம் கேட்கவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைக்கப் பாய் கை கொடுத்தார். அன்றே பாய் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தொங்கிக்கொண்டிருந்த பிரதிகளைத் தன் கையால் கிளிப் எடுத்துக் கொண்டுவந்தார்.  மேசையில் அட்டையை வைத்து, டிரேசிங் காகிதம் விரித்து, நான்கு வெயிட் வைத்து, பச்சைப் பென்சிலால் கண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார்.

மறு அச்சுக்கு வேறு கண் வரைந்தேன். 'கண்' ஃபோல்டரை அழித்தேன். அதற்குப் பிறகு 2012-ல் பார்வை மங்கி வேலையை விடும்வரை எத்தனையோ அட்டை செய்தேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு ஆளை உட்காரவைத்து, கேட்டுவிட்டு வரைந்தேன். பாயின் சின்ன மருமகள் ஒரு அட்டையில் இருக்கிறாள், எங்கள் தெரு நர்ஸ் ஒரு அட்டையில் இருக்கிறாள். கேட்டவர்களிடம் பெயர் சொன்னேன். லதாவுக்கு இதில் பாடம் எதுவும் நான் வைக்கவில்லை. படம் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு நான் ஏன் இன்னும் பதில் போடவில்லை என்பது மட்டும் அவளுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று பாக்கி. அடுத்த வாரம் புதுப் படத்தை வாங்கப் பூங்காவனம் கடலூர் ஸ்டூடியோவுக்கே வந்தார். பழைய சட்டத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கண்ணை மூடிய கஸ்தூரியைக் கையில் கொடுத்தேன். நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பழையதை எடுத்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த குங்குமத்தை முந்தானையால் சுத்தமாகத் துடைத்து, சட்டத்தில் சிக்கியிருந்த காய்ந்த பூ நாரைப் பிரித்து எடுத்தார். பிறகு என்னிடம் நீட்டினார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன்.

"நாலு வருசமா உசுரோட இருக்கறவ கண்ணுக்கு மால போட்டுட்டனேம்மா," என்றார். குரல் பதறியது. "தெரியாம செஞ்சுட்டேன். ஒனக்கு ஒண்ணும் ஆவலையே? ஒடம்புக்கு ஏதும் வரலியே?"

நான் பதில் சொல்வதற்குள் இரண்டு கையாலும் என் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். பத்து விரலும் நெட்டி முறிந்தன.